பவானி ஆற்றின் போக்கும் வாய்க்கால்களின் மூப்பும்

பவானி ஆறு கேரளத்தில் பிறக்கிறதா, தமிழ்நாட்டில் பிறக்கிறதா என்பதும், காவிரியின் துணையாறு என்பதற்கு மேல் அதற்கென்று தனி வரலாறு ஏதேனும் உண்டா என்பதும் கேள்வி. முதற்பகுதிக்கு விடை சிறியது. நீலகிரியின் தென்மேற்கு மூலையில், தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் மேல்பவானிப் பகுதியில் ஆறு பிறக்கிறது. அங்கிருந்து கேரளத்துக்குள் இறங்கி, அட்டப்பாடிப் பள்ளத்தாக்கைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, ஈரோடு மாவட்டத்தில் பவானி நகரத்தின் கூடுதுறையில் காவிரியோடு சேர்கிறது. நீளம் ஏறத்தாழ 217 கிலோமீட்டர். நீர்பிடிப்புப் பரப்பு சுமார் 6,200 சதுர கிலோமீட்டர். அதில் 87 விழுக்காடு தமிழ்நாட்டிலும், 9 விழுக்காடு கேரளத்திலும், எஞ்சிய 4 விழுக்காடு கர்நாடகத்திலும் இருக்கிறது. இரண்டாம் பகுதிக்கு விடை நீளமானது. கொங்கு நாட்டின் வேளாண்மை வரலாற்றில் பெரும்பகுதி இந்த ஒரே ஆற்றிலிருந்து எந்தக் காலத்தில் யார் எங்கே வாய்க்கால் எடுத்தார்கள் என்பதில்தான் அடங்கியிருக்கிறது.

பிறப்பிடம் பற்றிய குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. பவானி கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டில் (சைலண்ட் வேலி) தோன்றுகிறது என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அந்தக் காட்டின் நடுவே ஓடும் ஆறு குந்திப்புழை. அது தெற்கு நோக்கிச் சென்று பாரதப்புழையில் சேர்ந்து அரபிக்கடலை அடைகிறது. பவானி அதே மலைத்தொகுதியின் கிழக்கு ஓரத்தைத் தொட்டுக்கொண்டு வருகிறது. மலைமுகட்டின் ஒருபுறம் விழும் மழை அரபிக்கடலுக்கும், மறுபுறம் விழும் மழை வங்கக்கடலுக்கும் போகிற இடம் அது. பவானி தொடக்கத்தில் தெற்கே இறங்கும்போது அதுவும் மேற்கே போய்விடும் என்றே தோன்றும். முக்காலி என்னும் ஊரருகே வந்ததும் கூர்மையாகத் திரும்பி வடகிழக்கு நோக்கிப் போகத் தொடங்குகிறது. அந்தத் திருப்பம் இல்லாவிட்டால் கோபிசெட்டிபாளையத்தில் நெல் வயல் இல்லை. கேரளத்தின் 44 ஆறுகளில் 41 மேற்கே ஓடுகின்றன. கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்று மட்டுமே கிழக்கே வருகின்றன. மூன்றும் காவிரிப் படுகைக்குரியவை.

முக்காலிக்குப் பிறகு ஆறு செல்லும் அட்டப்பாடி, இருளரும் முதுகரும் குறும்பரும் வாழும் பழங்குடிப் பகுதி. மேற்கு ஓரத்தில் கனமழை பெய்யும் அந்தப் பள்ளத்தாக்கின் கிழக்குப் பகுதி மழை மறைவில் வறண்டு கிடக்கிறது. ஒரே பள்ளத்தாக்கில் சில மணி நேரம் நடந்தால் மழைக்காடும் முட்புதரும் மாறி வரும். தெற்கிலிருந்து வரும் சிறுவாணி, கேரள–தமிழக எல்லையருகே பவானியில் கலக்கிறது. சிறுவாணி என்றதும் கோவைக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள், ஏனென்றால் அந்தத் தண்ணீரின் சுவை அவர்களுக்கு ஊர்ப்பெருமை. கேரள மண்ணில் இருக்கும் சிறுவாணி அணையிலிருந்து கோவைக்குக் குடிநீர் கொண்டுவரும் இன்றைய ஏற்பாட்டுக்கு இரு மாநிலங்களும் 1973-இல் ஒப்பந்தம் செய்துகொண்டன. கோவை நகரம் நொய்யல் ஆற்றின் படுகையில் அமைந்திருக்கிறது. அது குடிப்பதோ சிறுவாணி வழியாகவும் பில்லூர் வழியாகவும் பவானிப் படுகையின் தண்ணீரை. தன் ஆற்றை விட்டுவிட்டுப் பக்கத்துப் படுகையின் ஆற்றைக் குடிக்கும் நகரம் என்று இதைக் குறையாகச் சொல்லவில்லை. பவானியின் தண்ணீர் எவ்வளவு தொலைவு போகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

வடக்கிலிருந்து, அதாவது நீலகிரி மேட்டுநிலத்திலிருந்து, குந்தா ஆறு வருகிறது. அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி முதலிய நீர்த்தேக்கங்கள் எல்லாம் குந்தா மின்திட்டத்தைச் சேர்ந்தவை. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நாட்டின் உதவியுடன் 1950களில் தொடங்கப்பட்ட பெரும்பணி அது. நீலகிரியின் இந்த மூலை தென்மேற்குப் பருவமழையை நேருக்கு நேர் வாங்கிக்கொள்கிறது. 2019 ஆகஸ்டு 8-ஆம் நாள் காலையோடு முடிந்த ஒரே நாளில் அவலாஞ்சியில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. சமவெளியில் பல ஊர்களில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை அவ்வளவுதான். அப்படிப் பெய்யும் மழை பில்லூர் அணைக்கு வந்து சேர்கிறது. பில்லூர் சிறிய அணை, விரைவில் நிரம்பிவிடும். நிரம்பியவுடன் வரும் நீர் முழுவதையும் ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள். மேட்டுப்பாளையத்தில் கரையோரத்தில் குடியிருப்பவர்களுக்குத் தண்டோரா போட்டது ஒரு காலம், இப்போது ஒலிபெருக்கி. மின்திட்டங்கள் தண்ணீரைச் செலவழிப்பதில்லை என்பது உண்மை. அது எந்த நேரத்தில் கீழே வந்து சேர வேண்டும் என்பதை மாற்றிவிடுகின்றன என்பதும் அதே அளவு உண்மை. கோடையில் பவானி வற்றாமல் ஓடுவதில் இந்த நீர்த்தேக்கங்களுக்குப் பங்கு உண்டு.

மேட்டுப்பாளையத்தருகே தேக்கம்பட்டியில் வனபத்ரகாளியம்மன் கோயில் படித்துறையைத் தொடும்போது ஆறு மலையை விட்டு வெளியே வந்துவிடுகிறது. குன்னூர்ப் பக்கத்து நீரும் அந்த வட்டாரத்திலேயே வந்து கலந்துவிடுகிறது. அதற்குப் பிறகு சேரும் பெரிய துணையாறு மாயாறு; மோயாறு என்றும் சொல்வார்கள். நீலகிரியின் முக்குருத்திப் பக்கத்தில் பைக்காராவாகத் தோன்றி, மலையின் வடக்கு விளிம்பில் இறங்கி, முதுமலைக் காட்டின் வழியே ஓடி, பிறகு மிக ஆழமான ஒரு பிளவுக்குள் புகுந்து கிழக்கே வருகிறது. பைக்காரா மின்நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கியது. தென்னிந்தியாவின் தொடக்ககால நீர்மின் நிலையங்களில் அது ஒன்று. மாயாற்றின் கரையில் உயர்ந்து நிற்கும் நீர்மருத மரங்களில் பாறு கழுகுகள் கூடு கட்டுகின்றன. நாடெங்கும் அழிவின் விளிம்புக்குப் போய்விட்ட அந்தப் பறவைக்குத் தென்னிந்தியாவில் எஞ்சியிருக்கும் முக்கியமான புகலிடம் இந்தப் பள்ளத்தாக்கு. கரையில் இருக்கும் தெங்குமரஹாடா ஊருக்குப் போக வேண்டுமானால் இக்கரையில் பேருந்தை விட்டு இறங்கிப் பரிசலில் மாயாற்றைக் கடக்க வேண்டும். வெள்ளம் வந்தால் ஊர் துண்டிக்கப்பட்டுவிடும். கருவுற்ற பெண்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் அந்தப் பரிசல்தான் சுமக்கிறது.

மாயாறும் பவானியும் கூடிய இடத்தில் ஒரு காலத்தில் டணாய்க்கன் கோட்டை இருந்தது. போசள அரசின் தண்டநாயகர்கள், அதாவது படைத்தலைவர்கள், மைசூர் மேட்டுநிலத்திலிருந்து கொங்குச் சமவெளிக்கு இறங்கும் கணவாயைக் காக்கும்பொருட்டு அமைத்த கோட்டை அது. தண்டநாயகன் என்ற சொல்தான் டணாய்க்கன் என்று திரிந்து நிற்கிறது. மைசூர்ப் போர்க்காலத்திலும் இந்த வழிக்கு மதிப்பிருந்தது. 1790 செப்டம்பரில் திப்பு சுல்தான் கெஜலட்டிக் கணவாய் வழியாக இறங்கி, பவானியைக் கடந்து, சத்தியமங்கலத்தில் தங்கியிருந்த கர்னல் பிளாயிடின் ஆங்கிலப் படையைத் தாக்கிப் பின்வாங்க வைத்தார். அந்தக் கோட்டையும் சுற்றியிருந்த ஊர்களும் இன்று பவானிசாகர் நீர்த்தேக்கத்தின் அடியில் இருக்கின்றன. கடும் வறட்சியில் நீர்மட்டம் மிகக் கீழே போகும் ஆண்டுகளில் மாதவராயப் பெருமாள் கோயிலின் கல்மண்டபம் சேற்றிலிருந்து எழுந்து வரும். அப்படி ஓர் ஆண்டில் நானும் போய்ப் பார்த்திருக்கிறேன். தூண்களின் பாதி உயரம் வரை வண்டல் படிந்து, அதற்கு மேலே நீர்மட்டம் படிப்படியாக இறங்கிய கோடுகள் ஒன்றன் கீழ் ஒன்றாகப் பதிந்திருந்தன. தண்ணீருக்குள் போன ஊர்களிலிருந்து பெயர்ந்தவர்களின் வழிவந்தவர்கள் அங்கே குடும்பத்தோடு வந்து, வெறும் மண்டபத்தில் சூடம் ஏற்றிவிட்டுப் போனார்கள். தெய்வத் திருமேனிகள் முன்னரே வேறிடத்துக்குக் கொண்டுபோகப்பட்டுவிட்டன என்பது அவர்களுக்கும் தெரியும்.

ஆற்றின் பழைய பெயரையும் சொல்லிவிட வேண்டும். சங்க நூல்களில் இதன் பெயர் வானி. சேர மன்னர்களைப் பாடும் பதிற்றுப்பத்தின் ஒன்பதாம் பத்தில், இளஞ்சேரல் இரும்பொறையின் மென்மையான இயல்பைச் சொல்ல வந்த பெருங்குன்றூர்கிழார் வானி நீரை ஒப்புமையாக எடுக்கிறார். ஓடக்கோலும் நிலைகொள்ளாத ஆழம். அந்த ஆழத்தில் நீராடிய பெண்களின் காதிலிருந்து நழுவி விழுந்த பொற்குழை அடியில் கிடக்கிறது. ஆனால் நீரின் தெளிவால் அது மேலே மிதப்பதுபோல் தெரிகிறது. அந்த வானியே பவானி என்று உரையாசிரியர்களும் ஆய்வாளர்களும் கொள்கிறார்கள். சிறுவாணி என்ற பெயரிலும் அந்தப் பழஞ்சொல் ஒலிப்பதாகச் சிலர் கருதுவர். ஆற்றின் தெளிவைக் குறித்து நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சாட்சியம் இந்தப் பாட்டு. நான் முதன்முதலில் இதைப் படித்தபோது, சத்தியமங்கலத்துப் பாலத்தின் கீழ் நுரையோடு ஓடிய தண்ணீர் நினைவுக்கு வந்து வெகுநேரம் அடுத்த பாட்டுக்குப் போக முடியவில்லை.

இனி வாய்க்கால்கள். பவானியில் இன்று மூன்று பெரிய பாசன அமைப்புகள் இருக்கின்றன. மேலிருந்து கீழாக வந்தால் முதலில் பவானிசாகர் அணையும் கீழ்பவானி வாய்க்காலும், பிறகு கொடிவேரி அணைக்கட்டு, கடைசியில் கூடுதுறைக்குச் சற்று முன்னால் காலிங்கராயன் அணைக்கட்டு. வயது வரிசையில் பார்த்தால் இது தலைகீழ். கீழே இருக்கும் இரண்டும் பல நூற்றாண்டு மூத்தவை. தலைப்பில் இருப்பது 1955-இல் முடிந்தது. இதற்குக் காரணம் தொழில்நுட்பம்தான். பழங்காலத்து அணைக்கட்டு தண்ணீரைத் தேக்கி வைப்பதில்லை. ஆற்றின் குறுக்கே பாறை கிடைக்கும் இடமாகப் பார்த்து, நீர்மட்டத்தைச் சில அடி உயர்த்தி, பக்கவாட்டில் வெட்டிய வாய்க்காலுக்குள் திருப்பி விடுவதோடு அதன் வேலை முடிந்தது. அதற்குச் சமவெளிதான் ஏற்றது. மலையடிவாரத்தில் ஆற்றை மறித்துப் பெருவெள்ளத்தைப் பிடித்து வைக்க இருபதாம் நூற்றாண்டின் எந்திரங்கள் வர வேண்டியிருந்தது. இந்த வயது வரிசையும் இட வரிசையும் எதிரெதிராக இருப்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் பவானியின் தண்ணீர்ச் சண்டைகள் அனைத்தும் விளங்கிவிடும்.

கொடிவேரி அணைக்கட்டு 1125-இல் கொங்காள்வான் என்பவரால் கட்டப்பட்டது என்று வழங்கிவருகிறது. சத்தியமங்கலத்துக்கும் கோபிசெட்டிபாளையத்துக்கும் இடையில், பாறைப்படுகையைப் பயன்படுத்தி அமைத்தது. வலது கரையில் தடப்பள்ளி வாய்க்காலும் இடது கரையில் அரக்கன்கோட்டை வாய்க்காலும் பிரிகின்றன. இரண்டுக்கும் சேர்த்துப் பாசனப்பரப்பு 24,504 ஏக்கர். கோபிப் பக்கத்தில் கண்ணுக்கெட்டியவரை நெல்லும் கரும்பும் வாழையுமாகத் தெரிவதெல்லாம் பெரும்பாலும் தடப்பள்ளித் தண்ணீர். விடுமுறை நாளில் அணைக்கட்டின் சுவரிலிருந்து விழும் தண்ணீரில் குளித்துவிட்டு வறுத்த மீன் தின்றுவிட்டுப் போகிறவர்களில் பலருக்கு, தாங்கள் நிற்பது இன்றும் வேலை செய்துகொண்டிருக்கும் பாசனக் கட்டுமானம் என்பது தெரிவதில்லை.

காலிங்கராயன் வாய்க்காலின் கதை இன்னும் விரிவானது. பதின்மூன்றாம் நூற்றாண்டில், பாண்டியர் மேலாட்சிக்கு உட்பட்டுக் கொங்கு நாட்டில் அதிகாரம் செலுத்திய காலிங்கராயன் என்ற தலைவர், பவானி காவிரியோடு கலப்பதற்குச் சற்று மேலே அணைக்கட்டு எழுப்பி, அங்கிருந்து நொய்யல் ஆறு வரை வாய்க்கால் வெட்டினார். 1283-இல் பணி முடிந்ததாகக் கொள்கிறார்கள். நீளம் சுமார் 56 மைல், அதாவது 90 கிலோமீட்டர். பாசனப்பரப்பு 15,743 ஏக்கர். ஈரோட்டையும் மொடக்குறிச்சியையும் கொடுமுடியையும் தொட்டுக்கொண்டு காவிரிக்கு இணையாகவே ஓடி, ஆவுடையார்பாறையில் நொய்யலில் முடிகிறது. ஓர் ஆற்றின் நீரை இன்னோர் ஆற்றுக்குக் கொண்டுசேர்த்த பழைய பணிகளில் ஒன்று என்று இதைப் பெருமையாகச் சொல்வதில் தவறில்லை. ஆயினும் அதன் உண்மையான திறமை இணைப்பில் இல்லை, மட்டத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே காவிரி ஓடிக்கொண்டிருந்தும் அதன் தண்ணீர் பள்ளத்தில் கிடந்தது, கரையின் மேட்டுக்கு ஏறவில்லை. ஆகவே பவானியில் கொஞ்சம் உயரத்திலேயே நீரைப் பிடித்து, அந்த உயரத்தை முடிந்தவரை இழக்காமல், நிலத்தின் சமமட்டத்தை ஒட்டியே வளைத்து வளைத்துக் கொண்டுபோனார்கள். வளைவுகள் வேகத்தைக் குறைத்தன, கரை அரிப்பதைத் தடுத்தன, கூடுதலான நிலத்துக்கும் தண்ணீர் எட்டியது. ஈரோட்டில் ஒரு பகுதிக்கே கோணவாய்க்கால் என்று பெயர்.

மட்டம் பார்க்கும் கருவிகள் நாம் அறிந்த வடிவில் இல்லாத காலத்தில் இதை எப்படிச் செய்தார்கள் என்பதற்கு மக்கள் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். ஒரு பாம்பு முன்னே ஊர்ந்து போயிற்றாம். அது போன தடத்தில் வெட்டினார்களாம். கதை என்றாலும், ஊர்கிற பாம்பு மேடு ஏறாமல் நெளிந்து போகும் தடமே வாய்க்காலின் தடம் என்பதைக் கண்ணால் கண்டவர்கள் சொன்ன கதை அது. இன்னொரு செய்தியையும் குடும்ப மரபாகச் சொல்வார்கள். சொந்த நிலத்துக்குப் பாய்ச்சிக்கொள்ளவே வாய்க்கால் வெட்டினார் என்று பேச்சு எழுந்தபோது, தானும் தன் வழியினரும் இந்தத் தண்ணீரைப் பயன்படுத்த மாட்டோம் என்று சொல்லிவிட்டுக் காலிங்கராயன் அந்தப் பகுதியை விட்டே நீங்கி, பொள்ளாச்சிப் பக்கத்து ஊற்றுக்குளியில் குடியேறினார் என்பது அது. இன்றும் தை மாதம் 5-ஆம் நாளை உழவர்கள் காலிங்கராயன் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

அந்த வாய்க்காலின் கரையில் விளையும் மஞ்சளால் ஈரோடு மஞ்சள் நகரமானது. அதே கரையில் தோல் பதனிடும் ஆலைகளும் சாயப்பட்டறைகளும் வந்தபோது அவற்றின் கழிவும் அதே தண்ணீரில் இறங்கியது. கழிவைப் பிரித்துக் கொண்டுபோக வாய்க்காலை ஒட்டியே ஒரு சிறு வாய்க்கால் கட்ட வேண்டிய நிலை வந்தது. ஆற்றின் மேற்பகுதியிலும், சிறுமுகையில் இயங்கிய விஸ்கோஸ் ஆலையின் கழிவால் 1990களில் மீன்கள் செத்து மிதந்ததும், கரையோரக் கிணறுகள் கெட்டதும், உழவர்களும் மீனவர்களும் போராடியதும், ஆலை பின்னர் மூடப்பட்டதும் இந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. ஆலை மூடியதால் வேலை இழந்தவர்களின் துயரமும் அதில் சேர்ந்ததுதான். இரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்திருக்க வேண்டும்.

கீழ்பவானித் திட்டம் இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. 1948-இல் தொடங்கி 1955-இல் முடிந்த பவானிசாகர் அணை, சுமார் 8 கிலோமீட்டர் நீளமுள்ள மண் அணை, கொள்ளளவு 32.8 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி), நீர்மட்டத்தை 105 அடி வரை கணக்கிடுவார்கள். விடுதலைக்குப் பிறகு நாடு முடித்த முதல் பெரும் பாசனத் திட்டங்களில் ஒன்று. இதற்காகச் சட்டமன்றத்திலும் வெளியிலும் விடாது வாதாடிய ஈரோட்டுத் தியாகி எம். ஏ. ஈஸ்வரனை இப்பகுதி உழவர்கள் இன்றும் நன்றியோடு நினைக்கிறார்கள். அணையின் வலது கரையிலிருந்து கிளம்பும் முதன்மை வாய்க்கால் 124 மைல், ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடி, பெருந்துறை, சென்னிமலை, காங்கயம் பக்கமெல்லாம் கடந்து கரூர் எல்லை வரை போகிறது. வாய்க்காலை ஒட்டியிருப்பவர்கள் தங்கள் தோட்டத்துக்கு வழி சொல்லும்போது ஊரைச் சொல்வதைவிட, இத்தனையாவது மைலில் இன்ன மதகு என்று சொல்வதே வழக்கம். பாசனப்பரப்பு 2,07,000 ஏக்கர்.

அத்தனை நிலத்துக்கும் ஆண்டு முழுவதும் நெல் விளைய அணையில் தண்ணீர் இல்லை. அதனால் தொடக்கத்திலேயே ஒரு முறைவைப்பு வகுத்தார்கள். மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று இரண்டாகப் பிரித்து, ஓர் ஆண்டில் ஒரு பாதிக்கு ஆகஸ்டு 15 முதல் 120 நாள் நஞ்சைக்குத் தண்ணீர். மறு பாதிக்கு அது முடிந்து சனவரி வாக்கில் நிலக்கடலை, எள் போன்ற புஞ்சைப் பயிருக்கு நனைப்புக் கணக்கில் தண்ணீர். அடுத்த ஆண்டு இரண்டும் இடம் மாறும். ஐந்து நனைப்பு என்றால், விட்டு விட்டு ஐந்து தடவை. புஞ்சைக்காரருக்குத் தண்ணீர் திறக்கும் நாளில் கடைமடையில் போய் நின்று பார்த்தால்தான் இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும். தலைப்பில் திறந்த தண்ணீர் பல நாள் கழித்துத்தான் வந்து சேரும். காய்ந்து வெடித்த வாய்க்கால் தரையில் முதலில் வருவது ஒரு விரற்கடை உயரமுள்ள, சருகும் நுரையும் முன்தள்ளிக்கொண்டு வரும் கலங்கல் நீர். மண்வெட்டியோடு காத்திருப்பவர்கள் அதற்கு முன்னால் நடந்துகொண்டே சருகை ஒதுக்கி வழிவிடுவார்கள். அது தங்கள் மடையைத் தொட்டதும் பேச்சு நின்றுவிடும்.

இந்த வாய்க்கால் மண் வாய்க்கால். கரையும் தரையும் மண்தான். ஆகவே ஓடும் நீரில் ஒரு பகுதி கசிகிறது. கசிவது வீண் என்று கணக்குப் பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். கடைமடைக்குத் தண்ணீர் எட்டாததற்கு அதுவே காரணம் என்று கான்கிரீட் தளம் போடும் திட்டம் வந்தது. அதற்கு எதிராகப் பல உழவர்கள் எழுந்தார்கள். அவர்கள் சொல்வதில் பெரும் உண்மை இருக்கிறது என்பது என் கருத்து. எழுபது ஆண்டாகக் கசிந்த நீர் வாய்க்காலின் கீழ்ப்பக்கத்துக் கிணறுகளை எல்லாம் நிரப்பியிருக்கிறது. ஓடைகளில் வடிந்த கசிவுநீரை மறித்துச் சிறு அணைகள் கட்டி இன்னொரு சுற்றுப் பாசனமே நடக்கிறது. ஊர்க் குடிநீர்க் கிணறுகளும் அதை நம்பியிருக்கின்றன. வரைபடத்தில் இல்லாத அந்தப் பாசனப்பரப்பையும் சேர்த்தால்தான் கீழ்பவானியின் முழுப் பயன் தெரியும். அதே நேரத்தில் கரை உடைந்து பாசனம் நின்றுபோன ஆண்டுகளும் உண்டு, கடைமடைக்காரரின் கண்ணீரும் பொய்யில்லை. பழுதான கட்டுமானங்களையும் பலவீனமான கரைகளையும் சரிசெய்து, தரையை மண்ணாகவே விட்டுவைப்பதுதான் இருவருக்கும் பொதுவான வழி என்று நம்புகிறேன்.

இப்போது மூப்புச் சிக்கலுக்கு வருகிறேன். அணை கட்டும்போதே ஓர் ஒப்புதல் இருந்தது: ஏற்கெனவே பாய்ந்துகொண்டிருக்கும் கொடிவேரி, காலிங்கராயன் பாசனங்களுக்குக் குறை வைக்கக் கூடாது. ஏறத்தாழ 40,000 ஏக்கர் கொண்ட அவை பழைய ஆயக்கட்டு, அதாவது பழைய பாசன நிலம். 2,07,000 ஏக்கர் கொண்ட கீழ்பவானி புதிய ஆயக்கட்டு. இடத்தால் மேலே இருப்பவர் உரிமையால் பின்னே நிற்கிறார். அணையில் தண்ணீர் குறைந்த ஆண்டில், தன் வாய்க்காலின் தலைமதகை மூடிவைத்துக்கொண்டு ஆற்று மதகைத் திறந்து, தன் கண்முன்னே தண்ணீர் கீழே போவதைப் புதிய ஆயக்கட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பழைய ஆயக்கட்டுக்காரருக்கோ எழுநூறு ஆண்டு உரிமை. அவர் கேட்பது சலுகை அன்று. ஆயினும் ஏக்கருக்கு இவ்வளவு தண்ணீர் என்ற கணக்கில் பழையவருக்கும் புதியவருக்கும் பெரிய இடைவெளி இருப்பதை மறுக்க முடியாது. இந்த வழக்கு நீதிமன்றங்களுக்கும் போயிருக்கிறது, ஒவ்வொரு வறட்சியிலும் மறுபடி எழுகிறது.

மாநிலங்களுக்கிடையிலும் இதே கேள்விதான், அளவுதான் பெரிது. 2000களின் தொடக்கத்தில் முக்காலியில் பவானியைத் திருப்பும் கேரளத்தின் முயற்சி பற்றிய செய்தி வந்ததும் கொங்கு மாவட்டங்கள் கொதித்தெழுந்தன. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் அளித்த இறுதித் தீர்ப்பில் கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டிஎம்சியில் 6 டிஎம்சி பவானிக்குரியது; எஞ்சியதில் 21 கபினிக்கும் 3 பாம்பாற்றுக்கும். அட்டப்பாடியின் வறண்ட பக்கத்தில் வாழும் பழங்குடி மக்களுக்கும் அந்த ஆற்றில் பங்கு உண்டு என்பதை இங்கே இருக்கும் நாமும் ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டுக்குப் பவானி தரும் ஆறுதல் வேறொன்று. நீர்பிடிப்பில் பெரும்பகுதி நம் எல்லைக்குள் இருக்கிறது. காவிரியோடு அது சேரும் இடம் மேட்டூருக்குக் கீழே. ஆகவே மேட்டூர் அணையின் அளவுகோலில் பவானியின் நீர் காட்டப்படுவதே இல்லை. கர்நாடகத்திலிருந்து தண்ணீர் வராத ஆண்டிலும் நீலகிரியில் மழை பெய்தால் கூடுதுறைக்குக் கீழே காவிரியில் நீரோட்டம் இருக்கும்.

கூடுதுறையின் சங்கமேசுவரர் கோயில், திருஞானசம்பந்தர் திருநணா என்று பாடிய தலம். காவிரியும் பவானியும் கண்ணுக்குத் தெரிய, அமுதநதி தெரியாமல் கலப்பதாக நம்பிக்கை. 1804-இல் கோவை மாவட்ட ஆட்சியராக இருந்த வில்லியம் காரோ, இடிந்து விழவிருந்த வீட்டிலிருந்து வேதநாயகி அம்மன் தன்னைக் காப்பாற்றியதாகக் கருதி அளித்த தந்தக் கட்டில் அங்கே பாதுகாக்கப்படுகிறது. ஆடி மாதத்தில் படித்துறையில் நின்றால் இரண்டு ஆறுகளின் நிறமும் சிறிது தூரம் கலக்காமல் பக்கம் பக்கமாக ஓடுவதைப் பார்க்கலாம்.

அங்கிருந்து சற்று மேலே, காலிங்கராயன் அணைக்கட்டுக்கு அடுத்தாற்போல், பவானியின் கடைசி வாரிசு நிற்கிறது. அவிநாசி, அன்னூர், பெருந்துறைப் பக்கத்து வறண்ட நிலங்களுக்குப் பவானி நீர் வேண்டும் என்ற கோரிக்கை அறுபது ஆண்டுக்கு மேற்பட்டது. மலையடிவாரத்து அத்திக்கடவிலிருந்து வாய்க்கால் வழியாகவே தண்ணீர் வரும் என்பது பழைய கனவு. திட்டத்தின் பெயரில் இன்றும் அந்த ஊர் இருக்கிறது. ஆனால் அதற்குள் மேலே இருந்த தண்ணீருக்கெல்லாம் உரிமைக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஆகவே எல்லோரும் எடுத்துக்கொண்டு மிஞ்சியதை ஆற்றின் கடைசி முனையில் பிடித்து, ஆறு நீரேற்று நிலையங்களால் மேடேற்றி, 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாய் வழியாகக் கொண்டுபோகும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டமாக அது உருமாறி, 2024 ஆகஸ்டு 17-இல் இயங்கத் தொடங்கியது. ஆண்டுக்கு 1.5 டிஎம்சி, அதுவும் உபரியாக வரும் நாள்களில் மட்டும். 1283-இல் கட்டிய அணைக்கட்டின் மேல் தண்ணீர் வழிந்தால் முதல் நீரேற்று நிலையத்தின் மோட்டார்கள் ஓடுகின்றன, வழியாவிட்டால் நிற்கின்றன.